வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் துறைத் தலைவர் கையெழுத்துப் போட ஓர் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடம் காலியாக இருந்தால் மற்ற பக்கங்களில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் டெல்லியில் யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் துறைத் தலைவருக்கு இது நன்றாகத் தெரியும். அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள் கொஞ்சம்தான். வேதியியல் அதில் சேராது.

அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வீடு ஆம்பூரில். காலையில் பாசஞ்சர் ரயிலில் காட்பாடி, அங்கிருந்து டவுன் பஸ். துறையில் நான் ஒருத்திதான் பெண், கடைசியாகச் சேர்ந்தவளும் நான்தான். அதனால் யாருக்கும் பிடிக்காத வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. ஆய்வகத்தில் உடைந்த குடுவைகளை எண்ணுவது நான். வருஷா வருஷம் டைம்டேபிள் போடுவது நான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்கிறேன் என்று வேலைக்கு விண்ணப்பித்தபோது பெருமையாக எழுதித் தொலைத்திருந்தேன். அதனால் துறையின் டைப்பிஸ்டும் நான்தான்.

தலைவர் மெட்ராஸ்காரர். வேலூரை அவர் ஊராகவே மதித்ததில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அவருக்கு வகுப்பு போடக்கூடாது. அது எழுதாத சட்டம். சாப்பிட்டுவிட்டுக் காட்பாடிக்குப் போய் ரயில் ஏறினால் திங்கட்கிழமைதான் திரும்பி வருவார். நான் சேர்ந்த முதல் வருஷம் தெரியாமல் அந்த நேரத்தில் ஒரு லேப் போட்டுவிட்டேன். அட்டவணையை மேஜை மேல் தூக்கிப் போட்டு, "உனக்கு யாரும்மா வேலை குடுத்தது?" என்று மாணவர்கள் முன்னால் கேட்டார். அவரும் சேர்ந்துதான் கொடுத்தார். அதைச் சொல்ல அப்போது எனக்குத் துணிச்சல் இல்லை.

எனக்கு டாக்டர் பட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசிவரை குடுவை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பட்டத்துக்குப் பதிவு செய்தால் மட்டும் போதாது, ஆய்வுக்கு ரசாயனம் வேண்டும், கருவி வேண்டும், பயணச் செலவு வேண்டும். கல்லூரி ஒரு பாட்டில் வெள்ளி நைட்ரேட்டுக்கே மூக்கால் அழும். ஆக, வெளியிலிருந்து பணம் வரவேண்டும்.

எதை ஆராய்வது என்று நான் ஒரு நாளும் குழம்பியதில்லை. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பருப்பு வெந்தது. பி.யூ.சி. படிக்கும்போது வேகவில்லை. எம்.எஸ்ஸி. முடித்து வந்தபோது அம்மா அந்தத் தண்ணீரில் துணிகூடத் துவைப்பதில்லை. தோல் பதனிடும் ஷாப்புகள் கழுவிவிடும் உப்பைச் சுமந்து வரும் கால்வாய் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே பாலாற்றுக்குப் போகிறது. முதலாளிகளைக் கேட்டால், "வீட்டுச் சாக்கடையும் அதுலதானே விழுது? எங்களை மட்டும் ஏன் சொல்றீங்க?" என்பார்கள். கால்வாயில் எல்லாம் கலந்து ஓடுவதால் எது யாருடைய உப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

என்னால் முடியும். ஆம்பூரில் பிறந்தவர்கள் யாராலும் முடியும். ஆம்பூர் தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அன்று ஜும்மா தொழுகை. வேலைக்காரர்கள் எந்த மதமாக இருந்தாலும் அவர்களுக்கும் அன்றுதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் ஆண்கள் பக்கம் பாதி காலியாக இருக்கும், ஷாப்புக்குப் போயிருப்பார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஊறல் தொட்டி, சுண்ணாம்புத் தொட்டி எல்லாவற்றையும் திறந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். கால்வாய் நுரைத்துக்கொண்டு ஓடும். வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் அதே கால்வாயில் சோப்புத் தண்ணீர் மட்டும் நூலாக ஓடிக்கொண்டிருக்கும். அது வீடுகளின் தண்ணீர். வியாழன் சாயங்காலம் ஒரு பாட்டில், வெள்ளி காலையில் ஒரு பாட்டில். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது ஷாப்பின் உப்பு. என் திட்டம் இவ்வளவுதான்.

பணம் எதுவும் இல்லாமலேயே பல மாதம் இப்படி எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கம்பிக் கூடையில் பாட்டில்களோடு ஏறினால் பக்கத்தில் உட்கார ஆள் வராது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்ஸுகள் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

"இன்னா டீச்சர், வூட்டுக்காரருக்கு ரசமா?" என்றாள் ஒருத்தி.

"எங்க ஹெச்.ஓ.டி.க்கு" என்றேன். பெட்டியே சிரித்தது.

பணம் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றனவா என்பதே எங்களுக்குத் தெரியாது. சுற்றறிக்கைகள் டெல்லியிலிருந்து பிரின்ஸிபாலுக்கு வரும், அவர் துறைத் தலைவருக்கு அனுப்புவார், அங்கேயே செத்துப்போகும். ஒரு நாள் டைப் அடித்த தாளைக் கொடுக்க அவர் அறைக்குப் போனேன். ஈ விழாமல் இருக்க டீ கிளாஸை ஒரு தாளால் மூடி வைத்திருந்தார். அதில் 'ஆராய்ச்சி நிதி' என்று இருந்தது. கிளாஸை எடுக்கும்வரை நின்றேன்.

"இதை நான் பாக்கலாமா சார்?"

"அது பெரியவங்க சமாச்சாரம்மா. டாக்டர் பட்டம் இல்லாதவங்களுக்கு டெல்லிக்காரன் சல்லிக்காசு தரமாட்டான். என்ன ஐடியா வச்சிருக்கே, சொல்லு."

சொன்னேன். முட்டாள்தனமாக, எழுதியும் கொடுத்தேன். ஏன் இரண்டு நாள், எந்த இடத்தில், என்ன கருவி, இதுவரை கிடைத்த அளவுகள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

"என் பேர்ல போனா வரும். வந்தா உனக்கும் நல்லதுதானே?"

அடுத்த வாரமே அதை என்னிடம் டைப் அடிக்கக் கொடுத்தார். என் கையெழுத்தின் மேல் அவருடைய அழகான கையெழுத்தில் திருத்தங்கள். முதல் பக்கத்தில் அவர் பெயர். எந்தப் பக்கத்திலும் என் பெயர் இல்லை. 'ஓர் உதவியாளர், பின்னர் நியமிக்கப்படுவார்' என்று மட்டும் இருந்தது.

"உதவியாளர் யாரு சார்?"

"பணம் வரட்டும்மா. அப்பறம் பாத்துக்கலாம்."

எல்லோரும் போன பிறகு ஆய்வகத்தில் உட்கார்ந்து டைப் அடித்தேன். எழுத்துக்களைக் குத்துவதுபோல அடித்தேன். பாதியில் கை நின்றது. வியாழக்கிழமையைப் பற்றிய பத்தியை முழுசாகக் கோடு போட்டு அடித்துவிட்டிருந்தார். ஓரத்தில், 'ஒரு நாள் போதும். பயணச் செலவு கம்மியாகத் தெரியும்' என்று குறிப்பு. வியாழன் சாயங்காலம் அவருக்கு ஸ்டாஃப் கிளப்பில் சீட்டாட்டம். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு மதியம் ஓய்வு. ஆகவே 'எல்லா மாதிரிகளும் வெள்ளிக்கிழமைகளில் முதன்மை ஆய்வாளரால் நேரில் சேகரிக்கப்படுகின்றன' என்று எழுதிவிட்டார். ஷாப்புக்கு லீவு என்று நான் எழுதியது அந்த வியாழக்கிழமைப் பத்திக்குள்தான் இருந்தது. அதுவும் சேர்ந்து போயிற்று.

அளவுகளையும் விடவில்லை. வியாழன், வெள்ளி என்று நான் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தேன். பெரிய எண்கள் வியாழனுடையவை. பெரிய எண்கள் இருந்தால்தானே பணம் வரும்? அவற்றை வைத்துக்கொண்டு, சின்ன எண்களை எடுத்துவிட்டு, தலைப்பில் 'வெள்ளி' என்று போட்டிருந்தார். ஊரே கதவடைத்துத் தொழப் போகும் நாளில் கால்வாயில் உப்பு கரைபுரண்டு ஓடுவதாக அந்த மனிதர் டெல்லிக்கு எழுதப்போகிறார்.

இணைப்பில் அந்தச் சுற்றறிக்கையும் இருந்தது, டீ கிளாஸின் வட்டக் கறையோடு. இரண்டாம் பக்கத்தை அப்போதுதான் படித்தேன். டாக்டர் பட்டம் இல்லாத இளம் ஆசிரியர்களுக்கு என்று தனியாக ஒரு சிறிய நிதி இருந்தது. துறைத் தலைவர் பரிந்துரைத்தால் போதும். அதை அவர் படிக்காமல் இருந்திருக்க முடியாது, பென்சிலால் பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, அவர் எழுதியிருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். வரிகளைச் சீராக்கினேன். வெள்ளிக்கிழமையை மட்டும் தொடவில்லை. அவ்வளவு சுத்தமாக நான் எதையும் அதற்கு முன்னால் டைப் அடித்ததில்லை.

மறுநாள் அவர் கையெழுத்துப் போடும்போது, "ஒரு தடவை படிச்சிப் பாத்துருங்க சார்" என்றேன். சாட்சிக்கு ஆய்வக உதவியாளரும் பக்கத்தில் நின்றார்.

"நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

டெல்லிக்காரர்களுக்குத் திட்டம் பிடித்துப்போயிற்று. பணம் ஒதுக்குவதற்கு முன்னால் இடத்தைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு நிபுணரை அனுப்புவதாக எழுதினார்கள். எந்த நாள் வசதி என்று கேட்டிருந்தார்கள். என் தலைவர் என்ன நாள் சொல்லியிருப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பதிலையும் நான்தான் டைப் அடித்தேன்.

நிபுணர் அதிகம் பேசாத மனிதர். ஜோல்னாப் பையும் ரப்பர் செருப்புமாக வந்தார். வாடகை அம்பாசிடரில் அவரும் தலைவரும் பின்னால், வழி காட்ட நான் முன்னால். தலைவர் புதுச் சட்டை போட்டிருந்தார். பள்ளிகொண்டா தாண்டி மாதனூர் வரும்வரை விடாமல் பேசினார். 'என் கால்வாய்' என்று ஒரு தடவை சொன்னார். நான் ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாதனூரில் வழக்கமாகக் கம்பெனி பஸ்ஸுக்குக் கூட்டம் நிற்கும் இடத்தில் ஆளே இல்லை. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஆம்பூரில் எங்கும் வெள்ளைச் சட்டை, தொப்பி. எல்லோரும் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். வரிசையாக ஷாப்புகளின் கதவுகள் பூட்டியிருந்தன. காரை நிறுத்தினோம். கால்வாயில் சாம்பல் நிறச் சேறு வெடித்துக் கிடந்தது. நடுவில் சோப்புத் தண்ணீர் நூலாக ஓடியது. ஒரு நாய் தாண்டாமலேயே அதன்மேல் நடந்து போனது.

நிபுணர் குனிந்து பார்த்தார். "தண்ணி எங்க சார்?"

தலைவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "இன்னிக்கி ஏதோ ஸ்ட்ரைக் போலிருக்கு." எதிரில் டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, "என்னப்பா ஸ்ட்ரைக்கா?" என்றார்.

"ஸ்ட்ரைக்கா? இன்னா சார், வெளியூரா? வெள்ளிக்கிழமைல எவன் ஷாப்பு தொறப்பான்?"

"இந்த வெள்ளிக்கிழமை மட்டுமா?" இதைக் கேட்டவர் நிபுணர்.

"எல்லா வெள்ளிக்கிழமையும்தான். எனக்கே இன்னிக்கி யாவாரம் கம்மி. தொழுகை முடிஞ்சி வந்தா ரெண்டு டீ ஓடும். நாளைக்கி வாங்க சார், நிக்க முடியாது, நாத்தம் ஜாஸ்தி." அவருக்கு என்னைத் தெரியும். "டீச்சர்கூட சொல்லலியா?"

நிபுணர் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். கார் பானெட் மேல் வைத்துப் புரட்டினார். நான் அழகாக அடித்த அந்தப் பக்கத்தில் நின்றார். "எல்லா அளவும் வெள்ளிக்கிழமை எடுத்ததுன்னு போட்டிருக்கு. நேர்ல எடுத்தேன்னும் போட்டிருக்கு. எதுல எடுத்தீங்க சார்? இதுலயா?"

தலைவர் முகத்தில் அந்தப் புதுச் சட்டையின் கஞ்சி மாதிரி ஏதோ ஏறியது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதானே சாம்பிள் எடுத்தே?"

அந்த வேலையை நான்தான் செய்தேன் என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. பல மாதம் நாற்றத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் சம்பளம் என்றால், அதை எப்படிச் செலவழிப்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அந்த விண்ணப்பத்துல என் பேரே இல்லையே சார்" என்றேன்.

நிபுணர் என்னை ஒரு தடவை பார்த்தார். விண்ணப்பத்தை மூடிப் பையில் போட்டார். "ஒரு டீ சாப்பிடலாம்" என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. எனக்கு அந்தப் பயணம் மிகவும் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு பிரின்ஸிபாலுக்கு ஒரு கடிதம் வந்தது. முதன்மை ஆய்வாளர் தந்த அளவுகளுக்கு விளக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பிரின்ஸிபால் தலைவரைக் கூப்பிட்டார். தலைவர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார்.

"நம்ம டிபார்ட்மென்ட் மானப் பிரச்சனம்மா இது. பெரிசா ஒண்ணும் இல்ல. டைப்பிங் மிஸ்டேக்னு ஒரு லெட்டர் குடுத்துட்டா போதும். வியாழன்னு அடிக்கவேண்டியத வெள்ளின்னு அடிச்சிட்டேன்னு. நீங்க சின்னவங்க, உங்களை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

'நீ' என்பது 'நீங்க' ஆகிவிட்டது. மின்விசிறிக்குக் கீழே அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. வியர்க்கட்டும் என்று விட்டேன்.

"யோசிக்கிறேன் சார்" என்றேன். "அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கையெழுத்து வேணும்."

சிறிய நிதிக்கான என் விண்ணப்பம் ஏற்கெனவே தயார். இரண்டு நாள், இரண்டு பாட்டில், என் பெயர். கைப்பையிலிருந்து எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்தாரா என்று கேட்காதீர்கள். பேனாவைத் திறந்து அந்த அழகான கையெழுத்தைப் போட்டார். பரிந்துரையில் என்னைக் 'கடின உழைப்பாளி' என்றும் எழுதினார். அந்த வார்த்தைக்காக அவர் கையை ஒடிக்கலாம் என்றிருந்தது.

"அப்ப அந்த லெட்டர்?"

"யோசிக்கிறேன்னு சொன்னேனே சார்."

ஆபீஸில் முத்திரை வாங்கினேன். அதை அவர்கள் எப்போது அனுப்புவார்களோ என்று நம்பாமல் நானே தபாலாபீஸுக்கு நடந்துபோய் ரிஜிஸ்டர் பண்ணினேன். ரசீதைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, நேராகப் பிரின்ஸிபால் அறைக்குப் போனேன்.

"டைப்பிங் மிஸ்டேக் எதுவும் இல்ல சார். அவர் எழுதிக் குடுத்தத அப்படியே அடிச்சேன். அளவு எல்லாம் நான் எடுத்தது, வியாழக்கிழமை எடுத்தது. நிபுணர் வந்த அந்த ஒரு நாளைத் தவிர அவர் அங்க போனதே இல்ல."

பிரின்ஸிபால் கோபப்படத் தெரியாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பியூனை விட்டுத் தலைவரைக் கூப்பிட்டார். வந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார், கடிதம் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"நீங்க இதுக்காக எத்தனை தடவை சார் ஆம்பூர் போயிருப்பீங்க?" என்று கேட்டார் பிரின்ஸிபால்.

"அடிக்கடி சார்."

"அந்தக் கால்வாய், ரயில்ல போறப்ப தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வரும்?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பெங்களூர் போறப்ப சார்... ஜன்னல் சீட்டு கெடைக்கிறது கஷ்டம்" என்றார்.

பிரின்ஸிபால் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "நீங்க போகலாம் சார்" என்றார். அன்றே அந்தப் பெரிய விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக டெல்லிக்கு எழுதினார். அதை டைப் அடிக்க என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சந்தோஷமாக அடித்திருப்பேன்.

வராந்தாவில் தலைவர் என்னை மறித்தார். "நம்பித்தானேம்மா கையெழுத்துப் போட்டேன். லெட்டர் தர்றேன்னு சொன்னியே."

"யோசிக்கிறேன்னுதான் சார் சொன்னேன். யோசிச்சேன்."

நான் செய்தது முறையா என்று சில பேர் கேட்டிருக்கிறார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. முறைதான். என் எண்களை அவர் எடுத்துக்கொண்டபோது யாரும் அவரிடம் போய் முறையா என்று கேட்கவில்லை. இன்றைக்கு அதே அறையில் உட்காரவைத்தாலும் அதையேதான் செய்வேன். இன்னும் கொஞ்ச நேரம் வியர்க்க விட்டிருப்பேன், அவ்வளவுதான்.

அவரைப் பதவியை விட்டு இறக்கவில்லை. நம் ஊரில் யாரையும் இறக்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்த விண்ணப்பமும் அவர் பெயரில் கல்லூரியை விட்டு வெளியே போகவில்லை. என்னுடையது போயிற்று. கேட்டதில் பாதிதான் வந்தது, அது போதும். வெள்ளி நைட்ரேட்டை நானே வாங்கினேன். என் கிணற்றில் இருப்பது யாருடைய உப்பு என்று என்னால் எண்ணில் சொல்ல முடிந்தது. டாக்டர் பட்டமும் வந்தது. ஆய்வேட்டில் துறைத் தலைவருக்கு நன்றி சொல்வது வழக்கம். நான், அந்தக் கூடையோடு என்னை ஏற விட்ட ரயில்வே கார்டுக்கு நன்றி சொன்னேன், டீக்கடைக்காரருக்குச் சொன்னேன், மூக்கைப் பொத்திக்கொண்ட நர்ஸுகளுக்கும் சொன்னேன்.

டைம்டேபிள் போடும் வேலையை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. டாக்டர் பட்டம் வந்த பிறகு அதை வேறு யாருக்காவது கொடுக்கலாமே என்று பிரின்ஸிபால் கேட்டார். பரவாயில்லை சார், நானே போடுகிறேன் என்றேன். துறைத் தலைவர் ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு வருஷமும், வெள்ளிக்கிழமை மதியம் முதலாமாண்டு மாணவர்களுக்கு லேப். மூன்று மணி நேரம், ஆசிரியர் நின்றுகொண்டே இருக்க வேண்டிய லேப். ஆசிரியர் பெயர் எழுதும் இடத்தில் அவர் பெயரைத் தப்பில்லாமல் டைப் அடித்து, கையெழுத்துக்கு அவரிடமே கொண்டுபோய் வைப்பேன்.

"ஒரு தடவை படிச்சிப் பாத்துருங்க சார்" என்பேன். அந்தத் தாளை மட்டும் அவர் ஒவ்வொரு வரியாகப் படிப்பார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.